செப்புத் தகட்டில் நின்ற கண்டி மன்னன்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றைக் கூறும் நூல்களைப் புரட்டுவோர் ஒரு படத்தை அடிக்கடி காண்பர். நெடிய மேலங்கியும் கணுக்கால் வரை நீண்ட காற்சட்டையும் அணிந்து, இடையில் வாளும் கையில் கோலுமாக ஒரு மனிதர் நிற்கிறார். தலையில் அடுக்கடுக்கான நாற்கோணத் தொப்பி. அதன் முன்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் ஓர் இறகு. அவரே 1635 முதல் 1687 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மலைநாட்டை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை இத்தீவிலிருந்து அகற்றியவன் என்றும், ஒல்லாந்தரை அழைத்து வந்து ஏமாந்தவன் என்றும், கொடுங்கோலன் என்றும் அவன் பலவாறாகப் பேசப்படுகிறான். ஆனால் இம்மூன்றில் எதை நினைத்தாலும் நம் மனத்திரையில் எழும் முகம் ஒன்றே. அது 1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான ஒரு நூலுக்காகச் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்ட முகம்.

தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனை என நீளும் இக்கரையோரத்து மக்களுக்கு இம்மன்னன் அந்நியன் அல்லன். பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இக்கரை கண்டியின் கடல் வாசலாக இருந்தது. மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் துணியும் இவ்வழியே ஏறின. பாக்கும் மிளகும் இவ்வழியே இறங்கின. இராஜசிங்கனின் வாழ்க்கையைத் தீர்மானித்த நிகழ்ச்சிகளில் முக்கியமான இரண்டு கிழக்குக் கரையிலேயே நடந்தன. ஒன்று மட்டக்களப்பில், மற்றொன்று கொட்டியாரத்தில். முதலாவது அவனுக்கு ஒரு கடதாசியைத் தந்தது. இரண்டாவது அவனுக்கு ஒரு முகத்தைத் தந்தது. இரண்டுமே பிரதி செய்யப்பட்ட பொருள்கள் என்பதும், இரண்டையும் பிரதி செய்தவர்கள் அவனுடைய ஆட்கள் அல்லர் என்பதும் அவனது வரலாற்றைப் படிப்போர் கவனிக்க வேண்டியவை.

இராஜசிங்கன் 1608 ஆம் ஆண்டளவில் பிறந்தான். தந்தை கண்டி மன்னன் செனரத். தாய் குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் அவளை மன்னாரில் வளர்த்து, தொனா கத்தரீனா எனப் பெயரிட்டு, தமது கைப்பாவையாகக் கண்டிச் சிம்மாசனத்தில் அமர்த்த முயன்று தோற்றனர். எனவே, எதிரியின் மொழியும் உடையும் வழிபாடும் இம்மன்னன் பிறந்த வீட்டுக்குள்ளேயே இருந்தன. அவன் போர்த்துக்கேய மொழியை நன்கறிந்திருந்தான். பிற்காலத்தில் ஒல்லாந்தருக்கு அனுப்பிய ஓலைகளையும் அம்மொழியிலேயே எழுதுவித்தான். இது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அக்காலத்தில் இத்தீவின் கரைகளில் வாணிபம் செய்த எவருக்கும் அது பொது மொழியாகவே இருந்தது.

செனரத்தின் ஆட்சியில் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1626 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் அவர்களுக்கு இடமளித்தான். அவர்களுள் ஏறத்தாழ 4000 பேர் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்டனர் என்பதைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்துள்ளனர். இக்கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராக வாழும் வாழ்வுக்கு அதற்கு முந்திய வேர்களும் உண்டு. எனினும் அந்தக் குடியேற்றம் அவ்வாழ்வை உறுதிப்படுத்திய ஒரு நிகழ்ச்சியாகும். இரண்டாண்டுகள் கழித்து, 1628 இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் புளியந்தீவில் கோட்டை கட்டினர். திருகோணமலையில் அதற்கு முன்னரே கட்டிவிட்டனர். கண்டியின் கழுத்தைக் கடற்கரையிலிருந்து நெரிப்பதே நோக்கம்.

1630 ஆகஸ்ட் மாதம் ஊவாவில் றந்தெனிவெல என்னுமிடத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சாவின் படை அழிந்தது. தளபதியும் மாண்டார். அப்போரில் இளவரசன் இராஜசிங்கனுக்கு வயது இருபத்திரண்டு அளவில் இருக்கலாம். 1635 இல் தந்தை மறைய, அரசன் ஆனான். 1638 மார்ச் 28 ஆம் நாள் கண்டிக்கு அருகே கன்னொறுவையில் தியோகு த மெலோ தலைமையில் வந்த மற்றொரு போர்த்துக்கேயப் படையையும் அடியோடு வென்றான். ஒரு யானையும் இரு குதிரைகளும் தொடர்பான பிணக்கிலிருந்தே அப்போர் மூண்டதாகச் சொல்லப்படுகிறது. போர்களுக்குக் கிடைக்கும் உடனடிக் காரணங்கள் பெரும்பாலும் இத்தகையனவே. கன்னொறுவைக்குப் பின்னர் போர்த்துக்கேயர் மலைநாட்டைக் கைப்பற்றும் எண்ணத்தைக் கைவிட்டனர். ஆனால் கோட்டைகளைத் தகர்க்கும் பீரங்கியும், கடலை அடைக்கும் கப்பலும் இராஜசிங்கனிடம் இல்லை. அவற்றுக்காக அவன் ஏற்கெனவே ஒல்லாந்தருக்கு ஓலை அனுப்பியிருந்தான்.

1638 மே 18 ஆம் நாள் ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி அதாம் வெஸ்டர்வோல்டின் கப்பல்களும் மன்னனின் படையும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றின. ஐந்து நாட்கள் கழித்து, மே 23 இல், அங்கேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்ச் செலவை மன்னன் கறுவா, மிளகு முதலான விளைபொருள்களாகச் செலுத்துவான். வாணிப உரிமை ஒல்லாந்தருக்கு. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிறுத்தப்படும். இந்த மூன்றாவது ஏற்பாட்டிலேதான் சிக்கல். மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், மன்னன் தகுதியென்று கருதினால் என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்தாவியாவுக்குச் சென்ற ஒல்லாந்த மொழிப் பிரதியில் அது இல்லை. சில சொற்கள்தாம். ஆனால் கொழும்பும் காலியும் யாருக்கு உரியவை என்ற வினா அச்சொற்களில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதியவரின் கை தவறியதா, வேண்டுமென்றே விடுபட்டதா என்று ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். விளைவைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு பெரிதன்று. பிரதியை வைத்திருந்தவரின் பலமே அதன் பொருளைத் தீர்மானித்தது.

அதன் பின்னர் நடந்தவை பள்ளி மாணவரும் அறிந்தவை. 1639 இல் திருகோணமலை, 1640 இல் நீர்கொழும்பும் காலியும், 1656 மே 12 இல் கொழும்பு என ஒவ்வொன்றாகப் போர்த்துக்கேயரிடமிருந்து வீழ்ந்தன. கொழும்பின் வாயில் மன்னனுக்குத் திறக்கப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதையாயிற்று என்று சிங்கள மக்கள் இன்றும் கூறுவது இதனையே. சினங்கொண்ட மன்னன் கொழும்பைச் சூழ்ந்த ஊர்களை எரித்து, குடிகளை மலைநாட்டுக்கு நகர்த்தி, ஒல்லாந்தருக்கு வெறும் நிலத்தையே விட்டுச் சென்றான். கோட்டைகளைப் பிடித்துக்கொண்ட ஒல்லாந்த ஆளுநர்களோ அவனைச் சக்கரவர்த்தி என்றே விளித்து, தம்மை அவனது பணிவுள்ள ஊழியர் என்று கூறிக் கடிதம் எழுதி வந்தனர். அவர்களது கடிதங்களில் கொழும்புக் கோட்டை மன்னனுடையதாகவே இருந்தது!

இந்தச் சூழ்நிலையில்தான் கொட்டியார நிகழ்ச்சி வருகிறது. 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையை அடித்த புயலில் பாய்மரம் முறிந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், மரம் தேடித் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 ஏப்பிரலில் கப்பற் தலைவர் றொபேட் நொக்ஸ், அதே பெயருடைய அவரது மகன், மாலுமிகள் எனப் பதினாறு பேரளவில் மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை மறு ஆண்டு காய்ச்சலில் இறந்தார். பத்தொன்பது வயதளவிலிருந்த மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கழித்தார். சிறைக்கூடத்தில் அன்று. ஊர்களில் விடப்பட்டு, ஊரார் தரும் உணவில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து, பின்னர் நடைவியாபாரியாகத் திரிந்தார். ஒருமுறை ஒரு முதியவரிடமிருந்து ஆங்கில விவிலிய நூல் ஒன்றை அவர் வாங்கினார். விலை ஒரு பின்னல் தொப்பி.

நொக்ஸ் மலைநாட்டுக்கு வந்து நான்காண்டுகளில், 1664 டிசெம்பர் 21 ஆம் நாள் இரவு, நிலம்பையிலிருந்த அரண்மனையை அம்பன்வெல றாலவின் தலைமையில் கிளர்ச்சிக்காரர் சூழ்ந்தனர். மன்னன் மலைக்குத் தப்பினான். கிளர்ச்சிக்காரர் அவனது சிறுவயது மகனை அரசனாக்க எண்ணினர். ஆனால் அச்சிறுவன் தந்தையிடமே கொண்டு சேர்க்கப்பட்டான். கிளர்ச்சி சிதறியது. மன்னன் பிழைத்தான் எனினும் அவனுக்குள் ஏதோ ஒன்று அவ்விரவில் இறந்திருக்க வேண்டும். ஹங்குரன்கெத்தவில் மலையரணுக்குள் குடியேறி, ஐயுறுவதையே ஆட்சிமுறையாக்கிக் கொண்டான். தண்டனைகள் பெருகின. குற்றம் செய்தவனோடு அவன் குடும்பமும் அழிந்தது. தூதுவர்கள் வந்தால் திரும்பவில்லை. 1672 இல் பிரெஞ்சுக் கடற்படையோடு வந்த தூதுவர் லா நெறோலும் தடுத்து வைக்கப்பட்டார். அவரது வழி வந்தோர் லனெரோல் என்ற பெயரில் இத்தீவிலேயே வாழ்கின்றனர். இதனிடையே ஒல்லாந்தர் 1665 இல் திருகோணமலையையும் 1668 இல் மட்டக்களப்பையும் மீண்டும் பிடித்து, மலைநாட்டின் கடல் வாசலை மூடினர். மன்னனின் ஐயம் முழுவதும் வீண் ஐயம் அன்று என்பதையும் நேர்மையுள்ள வரலாற்றாசிரியர் சேர்த்தே எழுத வேண்டும்.

நொக்ஸ் 1679 இல் தம் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் அனுராதபுரக் காடுகளினூடாக நடந்து, அக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். மறு ஆண்டு இலண்டன் சேர்ந்தார். கப்பலில் எழுதத் தொடங்கிய குறிப்புகளை நூலாக்குவதில் அவருக்குத் துணை நின்றவர் றோயல் சொசைட்டியின் றொபேட் ஹூக் என்ற அறிவியலாளர். முன்னுரையும் அவருடையதே. நூல் வெளியிடத்தக்கது எனச் சான்று அளித்தவர் அச்சங்கத்தின் தலைவரும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞருமான கிறிஸ்தோபர் ரென். 1681 இல் றிச்சட் சிஸ்வெல் பதிப்பித்த அந்நூலில் இலங்கையின் வரைபடமும், செப்புத் தகட்டுப் படங்கள் பலவும் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்றே இராஜசிங்கனின் உருவப்படம்.

அந்தப் படத்தை நாம் எவ்வளவு நம்பலாம்? இவ்வினாவுக்கு விடை காண, அக்காலத்தில் ஒரு படம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிய வேண்டும். மெருகிட்ட செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகள் செதுக்கப்படும். நிழல் வேண்டிய இடத்தில் கோடுகள் நெருங்கும், அல்லது ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். தகடு முழுவதும் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் கோட்டுப் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து இரு உருளைகளுக்கிடையே செலுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும். தகட்டில் உள்ளது தாளில் இடம் வலமாக மாறும். எனவே செதுக்குபவர் தொடக்கத்திலேயே அனைத்தையும் மாற்றிச் செதுக்க வேண்டும். இல்லையேல் இடப்பக்க வாள் வலப்பக்கம் சென்றுவிடும். ஒரு தகட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் பிரதிகள் எடுக்கலாம். எடுக்க எடுக்கக் கோடுகள் தேய்ந்து, பிந்திய பிரதிகளில் முகம் மங்கும். இது நுட்பமான தொழில். ஆனால் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தகடு வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

ஹூக்கையே எடுத்துக்கொள்வோம். நுண்ணோக்கியால் கண்டவற்றை விளக்கி 1665 இல் அவர் வெளியிட்ட நூலில், மடித்து வைக்கும் பெரிய தாளில் ஒரு தெள்ளுப்பூச்சியின் படம் உண்டு. உலகப் புகழ் பெற்ற அப்படம் அவர் கண்ணாடி வழியே நேரில் கண்டு வரைந்தது. அவர் துணைநின்ற மற்றொரு நூலில் உள்ள மன்னனையோ அவரும் கண்டதில்லை, தகட்டைச் செதுக்கியவரும் கண்டதில்லை. தெள்ளுப்பூச்சிக்குக் கிடைத்த நேர்ப்பார்வை இராஜசிங்கனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது தப்பி ஓடிய ஒரு கைதியின் நினைவு மட்டுமே.

நொக்ஸின் வருணனை நுணுக்கமானது என்பதை மறுப்பதற்கில்லை. மன்னன் உயரமானவன் அல்லன், ஆனால் கட்டான உடல். மாநிறத்தையும் கடந்த கருமை. சுழலும் பெரிய கண்கள். வழுக்கை விழுந்த தலை. தாடியும் பெரிது, மீசையும் பெரிது. உடையைப் பற்றிக் கூறும்போது, இயேசு சபைத் துறவியரின் தொப்பியைப் போன்ற நாற்கோணத் தொப்பி மூன்றடுக்காக உயர்ந்திருந்தது என்கிறார். உடல் ஒரு நிறமும் கை வேறு நிறமுமான சட்டை, முதுகில் போர்த்துக்கேயர் பாணியில் தொங்கும் பட்டி, காலுறை, பாதணி, பொற்பிடி வாள், பல நிறம் தீட்டிக் கல்லிழைத்த சிறு கோல் என ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்கிறார். தொப்பியின் இறகை மட்டும் வண்டி இழுக்கும் முன்குதிரையின் தலையில் செருகிய இறகுக்கு ஒப்பிடுகிறார். தொப்பி பின்னிப் பிழைத்தவர் ஓர் அரசனின் தொப்பியைப் பார்த்து நகைத்த இடம் அது. செதுக்கியவர் இவ்வருணனையைப் பின்பற்றினார். ஆனால் எழுத்திலுள்ள நகைப்பு தகட்டில் முழுமையாக ஏறவில்லை. நேராக நிற்கும் அம்மனிதரிடம் ஒரு கம்பீரம் வந்து சேர்ந்துவிட்டது. அரசர்களைச் செதுக்கிப் பழகிய கைக்கு அரசனை வேறு விதமாக நிறுத்தத் தெரியவில்லை போலும்.

ஐரோப்பிய அரசர்கள் தம் உருவம் பெருகுவதைத் தம் கையிலேயே வைத்திருக்க விரும்பினர். பிரான்சின் பதினான்காம் லூயி 1660 இல், அதாவது நொக்ஸ் கொட்டியாரத்தில் பிடிபட்ட அதே ஆண்டில், செதுக்கோவியத்தைக் கைத்தொழிற் சங்கங்களின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து உயர்கலையாக அறிவித்தான். றொபேர் நான்தேய் என்ற கலைஞர் அம்மன்னனை நேரில் இருத்தி வரைந்து, பலமுறை தகட்டில் செதுக்கினார். அரசன் அமர்ந்தான், கலைஞர் வரைந்தார், குடிகள் காசு கொடுத்து வாங்கினர். இங்கிலாந்தில் முதலாம் சார்ள்ஸ் 1649 இல் தலை துண்டிக்கப்பட்ட சில நாட்களில், அவன் மண்டியிட்டுப் பிரார்த்திக்கும் செதுக்குப் படத்தோடு வெளிவந்த நூல் ஓராண்டுக்குள் பல பதிப்புகளைக் கண்டது. கோடரி வெட்டிய தலையைச் செப்புத் தகடு மீண்டும் பொருத்தியது எனலாம். இவற்றோடு ஒப்பிட்டால் இராஜசிங்கனின் படம் தனித்து நிற்கிறது. அவன் அதற்காக இருந்து கொடுக்கவில்லை. அவன் குடிகள் அதை வாங்கவும் இல்லை.

கண்டிக்கும் செப்புத் தகடு புதிதன்று. மன்னர் நிலமும் உரிமையும் வழங்கிய சாசனங்கள் ஓலையில் மட்டுமன்றிச் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டன. அவற்றின் தலைப்பில் ஸ்ரீ என்ற ஓர் எழுத்து அரச அடையாளமாக நின்றது. அந்த எழுத்தே மன்னன். அதற்கு மேல் முகம் தேவைப்படவில்லை. மன்னன் முன்னிலையில் குடிகள் குப்புற விழுந்து வணங்கிய அரசவையில், அவன் முகத்தை நிதானமாக உற்று நோக்கியவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? பிற்காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் உருவம் தம்புள்ளைக் குகை விகாரையில் சிலையாக நிறுத்தப்பட்டது. அதுவும் வழிபாட்டுக்கும் தானத்துக்கும் உரிய இடத்தில் ஒரு புரவலனின் உருவமாகவே நின்றது. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அரசனின் முகத்தைப் பெருக்குவது கண்டியின் வழக்கம் அன்று. ஆக, ஒரே உலோகத்தில் இரண்டு உலகங்கள். மலைநாட்டுச் செப்பேடு மன்னனின் சொல்லைக் காத்தது. இலண்டன் செப்புத் தகடு மன்னனின் முகத்தை விற்றது.

அம்முகம் வெகுதூரம் சென்றது. 1681 ஆம் ஆண்டின் இங்கிலாந்து, அரசனின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று கொதித்துக்கொண்டிருந்த நாடு. கட்டுப்பாடற்ற ஓர் அரசன் எப்படி இருப்பான் என்பதற்கு நொக்ஸின் நூல் அவர்களுக்கு ஆயத்தமான ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. அரசியல் தத்துவ அறிஞர் ஜோன் லொக், 1689 இல் வெளியான தம் ஆட்சியியல் நூலில், முழுமுடியாட்சி குடிகளுக்கு அளிக்கும் பாதுகாப்பு எத்தகையது என்பதை இலங்கை பற்றிய அண்மைய வரலாற்றில் காணலாம் என்ற கருத்தில் நொக்ஸைச் சுட்டுகிறார். நாவலாசிரியர் டானியல் டீபோ 1720 இல் வெளியிட்ட ஒரு கடற்கதையில் நொக்ஸின் சிறைவாசத்தைச் சேர்த்துக்கொண்டார். மக்களாட்சிச் சிந்தனையின் மூலநூல்களுள் ஒன்றில் கண்டி மன்னனுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடம் கொடுங்கோலனின் இருக்கை.

அவன் கொடுமை செய்யவில்லை என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. செய்தான். நொக்ஸ் கூறும் தண்டனைகளிற் சில மிகையாக இருக்கலாம். எல்லாமே கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் தகட்டில் ஏறாதவை பல உள்ளன. அவனது பட்டத்து அரசி கடல் கடந்து மதுரையிலிருந்து வந்தவள். நொக்ஸ் எழுதும் காலத்தில் அவள் மன்னனைப் பிரிந்து கண்டி நகரில் தனித்திருந்தாள். சமயத்தின் பெயரால் அவன் எவரையும் வருத்தவில்லை என்பதை அந்தக் கைதியே ஒப்புக்கொள்கிறார். அளவான உணவும் கூரிய அறிவும் உடையவன் என்பதும் அவர் கூற்றே. ஐரோப்பாவில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒருவரையொருவர் எரித்து ஓய்ந்த நூற்றாண்டில், பௌத்த மன்னன் ஒருவன் ஆட்சியில் கிறித்தவக் கைதிகள் தம் பிரார்த்தனையைத் தடையின்றிச் செய்தனர். இதை எவரும் தகட்டில் செதுக்கவில்லை. செதுக்கக்கூடிய பொருளும் அன்று.

படம் இல்லாத இடத்தில் கதை இருந்தது. போர்த்துக்கேயப் படைக்கு அஞ்சி மஹியங்கனைப் பக்கம் பங்கரகம்மனையில் ஒரு மரப்பொந்தில் மன்னன் ஒளிந்திருந்ததாகவும், அவன் இருப்பிடத்தைக் காட்ட மறுத்த ஒரு முஸ்லிம் பெண் அங்கேயே வெட்டப்பட்டதாகவும், அந்த உதிரத்தைக் கண்டு கலங்கிய மன்னன் அவளது மக்களுக்கு அவ்வூரை வழங்கியதாகவும் வாய்மொழி வரலாறு உண்டு. சிலர் அதனைச் செனரத்தின் மீதும் ஏற்றிக் கூறுவர். இதனை ஆவணம் என்று கொள்ள முடியாது. ஆயினும் இலண்டன் தகடு வரைந்த மன்னனும் பங்கரகம்மனைக் கதையில் வாழும் மன்னனும் ஒருவனே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒருவன் உயிரை எடுக்கிறவன். மற்றவன் ஓர் ஏழைப் பெண்ணால் உயிர் பெற்றவன். நம் கரையோரத்திலும் இவ்வாறே. தம்பிலுவில் கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்கில் பாண்டியன் முதலான பழைய அரசர்கள் பாட்டாகவே வருகின்றனர். எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தில் அரசர் பெயர்கள் வரிசையாக உண்டு, முகங்கள் இல்லை. ஏட்டில் வாழ்ந்த ஒரு சமூகம் தன் அரசர்களை இவ்வாறே நினைத்தது. அச்சுக்கூடம் வைத்திருந்தவர்களே முகம் கொடுத்தார்கள்.

முகம் கொடுத்தவரின் பிற்கால வாழ்வையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். அடிமைத்தளையிலிருந்து தப்பியதாகத் தம்மைக் கருதிய நொக்ஸ், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற் தலைவராகி, மடகாஸ்கரில் மனிதரை விலைக்கு வாங்கி சென் ஹெலினாத் தீவுக்கு ஏற்றிச் செல்லப் புறப்பட்டார். கொடுங்கோன்மையை அறிந்து எழுதிய கைதான் அதனையும் செய்தது. லொக்கின் நூலைப் படித்தோர் இதனை அறிந்திருக்க மாட்டார்கள்.

இராஜசிங்கன் 1687 இல், எண்பது வயதை அணுகிய நிலையில், காலமானான். கிளர்ச்சிக்காரர் ஒருகாலத்தில் முடிசூட்ட முயன்ற மகனை அவன் நஞ்சூட்டிக் கொன்றதாக நொக்ஸ் எழுதியிருந்தார். அம்மகனே உயிரோடிருந்து, இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பெயரில் அரியணை ஏறியதாகக் கொள்ளப்படுகிறது. மன்னனின் உடல் எரிந்த பின்னரும் நூலின் பயணம் நிற்கவில்லை. 1689 இல் லைப்சிக்கில் ஜேர்மன் மொழியிலும், 1692 இல் உத்ரெக்ற்றில் ஒல்லாந்த மொழியிலும், 1693 இல் பிரெஞ்சு மொழியிலும் அது வெளியாயிற்று. அவனை ஏமாற்றிய ஒல்லாந்தரும், அவன் தடுத்து வைத்த தூதுவரின் நாட்டினரும் இப்போது அவனைத் தத்தம் மொழியில் படித்தனர். நொக்ஸ் தம் நூலின் பிரதியொன்றில் வெற்றுத் தாள்களை இடையிட்டுத் தைத்து, நினைவுக்கு வந்த திருத்தங்களையும் சேர்க்கைகளையும் 1720 இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அவர் எதிர்பார்த்த இரண்டாம் பதிப்பு அவர் வாழ்நாளில் வரவில்லை. தாள்களில் மன்னனைப் பற்றிய நினைவு பெருகிக்கொண்டே போக, உலகம் கண்டது 1681 ஆம் ஆண்டில் இறகுத் தொப்பியோடு நிறுத்தப்பட்ட அந்த ஒருவனையே.